17 ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு மீண்டும் மாணவியாவது: ஒரு செவிலியரின் கடிதத்துக்குப் பதில்

தென் மாவட்டம் ஒன்றிலுள்ள தனியார் மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியர் ஒருவர், பெயரும் ஊரும் வெளியில் தெரிய வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 39. ஜி.என்.எம். என்ற பொதுச் செவிலியர், பேறுகாலப் பணிப் பட்டயம் பெற்றவர். 17 ஆண்டுப் பணியில் பெரும்பகுதியைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே கழித்திருக்கிறார். நான்கு மாதங்களுக்கு முன் நர்சிங் சூப்பிரண்டென்ட் அவரை அழைத்து, தொற்றுத் தடுப்புச் செவிலியர் பொறுப்பையும், புதிதாகச் சேரும் செவிலியர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பையும் ஒப்படைத்திருக்கிறார். பதவி நிரந்தரமாக வேண்டுமென்றால் பட்டயச் செவிலியர்கள் பட்டம் பெறுவதற்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படிப்பை முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. கட்டணத்தில் பாதியை மருத்துவமனை தரும். அதற்கு ஈடாக, படிப்பு முடிந்தபின் மூன்று ஆண்டுகள் அங்கேயே பணிபுரிவதாக ஒப்பந்தம் எழுதித் தந்து, அசல் சான்றிதழ்களையும் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

இதற்கிடையில், வகுப்புக்கே போகாமல் வெளிமாநிலப் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கித் தருவதாக ஒரு முகவர் தொலைபேசியில் பேசிவருகிறார். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், கணவர் சரக்கு வாகனம் ஓட்டுகிறார், மாமியார் உடனிருக்கிறார். கடிதத்தில் என் மனத்தை நிறுத்திய வரிகள் இவை: "கட்டிலருகே நின்றால் நோயாளியின் முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று சொல்லிவிடுவேன். இப்போது எக்செல் தாளைத் திறந்தால் கை நடுங்குகிறது. 24 வயதுப் பெண்ணிடம் போய்ச் சந்தேகம் கேட்கிறேன். எனக்கு மூளை மங்கிவிட்டது என்று தோன்றுகிறது. பேசாமல் பழைய வார்டுக்கே திரும்பிவிடட்டுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

வார்டுக்குத் திரும்புவதா வேண்டாமா என்பதை இந்த மாதத்துக்குள் முடிவு செய்யாதீர்கள். உங்கள் கடிதத்தில் நான் காண்பது திறமை மங்கிய ஒருவரை அன்று. ஒரு துறையில் மிக மேலே ஏறியபின், அடுத்த துறையின் முதற்படியில் கால் வைத்திருப்பவரை. இந்த இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். செவிலியர் கல்வியில் பல ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில், இவற்றைப் பிரித்தறியாமல் நல்ல செவிலியர்கள் பின்வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கு முன் இதைப் பேசுகிறேன்.

அமெரிக்கச் செவிலியர் அறிஞர் பட்ரிசியா பென்னர் 1980-களின் தொடக்கத்தில், ஒரு செவிலியர் புதியவராக நுழைந்து வல்லுநராவதற்குள் ஐந்து நிலைகளைக் கடக்கிறார் என்று விளக்கினார். புதியவர் விதியைப் பார்த்து விதிப்படி செய்வார். வல்லுநர் விதியை நினைத்துப் பார்ப்பதே இல்லை. முழு நிலைமையையும் ஒரே பார்வையில் உள்வாங்கி, எதைக் கவனிக்க வேண்டும் என்று உடனே தெரிந்துகொள்வார். முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவதாக நீங்கள் எழுதியிருப்பது இந்த ஐந்தாம் நிலை. ஆனால் பென்னர் இன்னொன்றையும் தெளிவாகக் கூறினார்: இந்த நிலை ஒருவருடைய நிரந்தரச் சொத்து அன்று, அது அவர் பழகிய சூழலைச் சார்ந்தது. எத்தனை ஆண்டு அனுபவமுள்ள செவிலியரும், தாம் அறியாத பிரிவுக்கு மாற்றப்பட்டால், அங்கே மீண்டும் விதியைத் தேடும் புதியவராகவே தொடங்குவார். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான். இதில் அவமானமும் இல்லை, வயதின் தளர்ச்சியும் இல்லை.

உங்களை வாட்டுவது அறியாமை மட்டுமன்று என்றும் நினைக்கிறேன். 17 ஆண்டுகளாக "சிஸ்டர் வந்துட்டாங்க" என்று மற்றவர்கள் நிம்மதியடையும் ஆளாக இருந்திருக்கிறீர்கள். அந்த இடம் கைவிட்டுப் போயிற்று. புதிய இடம் இன்னும் கைக்கு வரவில்லை. மாற்றங்களை ஆராய்ந்த வில்லியம் பிரிட்ஜஸ், எந்த மாற்றமும் முதலில் ஒரு முடிவாகவே வருகிறது என்றும், பழையது போய்ப் புதியது வராத நடுக்காலமே மிகக் கடினமானது என்றும் எழுதினார். பதவி உயர்வு கிடைத்தவர் வருத்தப்படலாமா என்று உங்களையே கடிந்துகொள்ள வேண்டாம். வாரத்தில் ஒரு முற்பகல் தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளி கவனிப்பில் பங்கெடுக்கச் சூப்பிரண்டென்டிடம் அனுமதி கேளுங்கள். அது உங்கள் மனத்துக்கும் நல்லது. தொற்றுத் தடுப்பு வேலைக்கும் அவசியமானது.

வயதும் மூளையும்

வார்னர் ஷாய் என்ற உளவியலாளர் 1956-இல் சியாட்டில் பகுதியில் ஓர் ஆய்வைத் தொடங்கி, ஒரே மனிதர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து சோதித்தார். விரைந்து காணும் வேகம் மட்டும் முன்னதாகக் குறையத் தொடங்குகிறது. சொல்லறிவும் காரணகாரியம் காணும் திறனும் நடுவயது வரை வளர்ந்தோ நிலைத்தோ நிற்கின்றன. பெரும்பாலான திறன்களில் குறிப்பிடத்தக்க சரிவு 60 வயதை ஒட்டித்தான் தென்படுகிறது. 39 வயதில் உங்களுக்குக் குறைவாக இருப்பது நேரமும் தூக்கமும், மூளையன்று.

இளையவர்களைவிட உங்களுக்கு அதிகமாக இருப்பது, புதிய பாடத்தைத் தொங்கவிடுவதற்கான கொக்கிகள். எண்கள் பயமுறுத்துவதாகச் சொன்னீர்களே, அதையே எடுத்துக்கொள்வோம். வெண்டிலேட்டர் சார்ந்த நிமோனியா விகிதத்தைக் கணக்கிட, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எத்தனை பேர் வெண்டிலேட்டரில் இருக்கிறார்கள் என்று எண்ணி, மாதம் முழுவதும் கூட்ட வேண்டும். இந்தக் கூட்டுத்தொகையைத்தான் வெண்டிலேட்டர் நாட்கள் என்பார்கள். அது 200 என்றும், அந்த மாதத்தில் 2 பேருக்கு அந்த நிமோனியா வந்தது என்றும் கொண்டால், 2-ஐ 200-ஆல் வகுத்து 1,000-ஆல் பெருக்கினால் 10 வரும். 1,000 வெண்டிலேட்டர் நாட்களுக்கு 10 என்பது இதன் பொருள். அந்தத் தினசரி எண்ணிக்கையை ஷிஃப்ட் மாறும்போது நீங்கள் 17 ஆண்டுகளாக வாய்மொழியாகச் சொல்லி வந்திருக்கிறீர்கள். தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்துவதும், வாயைச் சுத்தம் செய்வதும், மூச்சுக்குழாயில் செருகிய குழாயைச் சுற்றியுள்ள கஃப் என்ற காற்றுப்பையின் அழுத்தத்தைச் சரிபார்ப்பதும் அந்த 10-ஐக் கீழே இறக்கும் செயல்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்த 24 வயதுப் பெண்ணுக்கு எக்செல் தெரியும். அந்த 10-க்குப் பின்னால் எந்தக் கட்டிலில், எந்த இரவில், எது விட்டுப்போயிருக்கும் என்று தெரியாது. நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் அந்தத் தாளுக்குப் பொருள் உண்டு. ஆகவே அவரிடம் கேட்பதை நிறுத்த வேண்டாம். பதிலுக்கு அவருக்கு நீங்கள் கற்றுத்தரக்கூடியது எது என்பதை வெளிப்படையாகவே சொல்லி, கொடுக்கல் வாங்கலாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

படிக்கும் முறையையும் மாற்ற வேண்டும். பட்டயம் படித்த நாளில் செய்ததுபோல, ஆங்கில வரிகளை மறுபடி மறுபடி வாசித்து மனப்பாடம் செய்யத் தொடங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாசிக்க வாசிக்கப் பழகிவிட்டதுபோலத் தோன்றும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிற்காது. ரோடிகர், கார்பிக் ஆகிய உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மீண்டும் வாசித்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே சில நாட்களுக்குப் பிறகு அதிகம் நினைவிருந்தது. டியூட்டி முடிந்தபின் 25 நிமிடம் படித்து, மூடிவைத்து, தெரிந்ததைத் தமிழும் ஆங்கிலமும் கலந்தே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். இரண்டு நாள் கழித்து அதையே மறுபடி எழுதுங்கள். தேர்வு ஆங்கிலத்தில் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பொருள் விளங்கியபின் ஆங்கில வரிக்குப் பயிற்சி எடுப்பது சில வார வேலை.

நீங்கள் கற்பிக்கும் இடத்தில்

இப்போது நீங்கள் மாற்றத்துக்கு ஆளானவர் மட்டுமல்லர். மற்றவர்களை மாறச் சொல்லும் பொறுப்பிலும் இருக்கிறீர்கள். "கை கழுவுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை, போஸ்டர் ஒட்டினேன், கண்டித்தேன், இப்போது என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார்கள்" என்ற பத்தியை மூன்று முறை படித்தேன். உங்கள் அடிப்படை எண்ணத்தில் ஒரு திருத்தம் வேண்டும்: தெரியாததால் அவர்கள் செய்யாமல் இருக்கவில்லை.

சமூக உளவியலாளர் கர்ட் லெவின் 1940-களில் சொன்னது இன்றும் செவிலியர் நிர்வாகப் பாடத்தில் இருக்கிறது. உறைந்திருக்கும் பழக்கத்தை முதலில் இளக்க வேண்டும், பிறகு நகர்த்த வேண்டும், பிறகு புதிய வடிவில் உறைய விட வேண்டும். எல்லோரும் தேர்வுக்கு எழுதும் இந்த மூன்று படிகளைவிட, அவர் சொன்ன இன்னொன்று உங்களுக்கு உதவும். ஒரு பழக்கம் நிலைத்திருப்பது, அதை முன்னே தள்ளும் விசைகளும் பின்னே இழுக்கும் விசைகளும் சமமாக இருப்பதால். தள்ளுவதை அதிகமாக்கினால் இறுக்கமும் எதிர்ப்பும்தான் கூடும். இழுப்பதைக் குறைத்தால் பழக்கம் எளிதில் நகரும்.

ஆகவே ஒரு வாரம் யாரையும் கண்டிக்காமல், தடுப்பது எது என்று மட்டும் பாருங்கள். கையைச் சுத்தம் செய்யும் ஹேண்ட் ரப் திரவப் பாட்டில் கட்டிலருகே இருக்கிறதா, வாசலில் மட்டும் இருக்கிறதா? காலியான பாட்டிலை மாற்றும் வேலை யாருடையது? ஒரு செவிலியர் எத்தனை நோயாளிகளைப் பார்க்கிறார்? கைத்தோல் வெடித்தவர்கள் உண்டா? கை சுத்தம் செய்ய வேண்டியவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களில் எந்தத் தருணம் அதிகம் தவறுகிறது? நோயாளியைத் தொட்டபின் கை சுத்தம் செய்வார்கள், தொடும் முன் செய்யமாட்டார்கள் என்பதைப் பெரும்பாலான வார்டுகளில் காணலாம். தொடும் முன் செய்வது நோயாளியைக் காக்கிறது, தொட்டபின் செய்வது தம்மைக் காப்பதாகத் தோன்றுகிறது. இதைக் குற்றமாகச் சொல்லாமல், உங்கள் பிரிவின் எண்களோடு அவர்கள் முன் வையுங்கள். வளர்ந்தவர்கள் தங்கள் வேலையில் இன்றே உதவுகிற பாடத்தைத்தான் ஏற்பார்கள், ஏன் என்று தெரியாமல் எதையும் கற்கமாட்டார்கள் என்பது கல்வியாளர் மால்கம் நோல்ஸ் முதியோர் கல்வி பற்றிச் சொன்னவற்றின் சாரம். அது உங்களுக்கும் பொருந்தும், உங்களிடம் கற்பவர்களுக்கும் பொருந்தும். வகுப்பைத் தமிழில் எடுக்கத் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். தயங்க வேண்டாம். ஹவுஸ்கீப்பிங் பணியாளர் மஞ்சள் பையையும் சிவப்புப் பையையும் பிரிப்பதில்தான் 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் நிறைவேறுகின்றன. அவருக்குப் புரியாத மொழியில் நடக்கும் வகுப்பு யாருக்கும் பயன்படாது.

எந்தப் படிப்பு, எந்த வழி

முகவரின் வழியை இன்றே மூடிவிடுங்கள். போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முழுநேரப் படிப்பாக இரண்டு ஆண்டுகள். வகுப்பிலும் செய்முறையிலும் குறைந்தது 80 விழுக்காடு வருகை வேண்டும். பட்டம் பெறுவதற்குள் செய்முறை நேரங்களை முழுமையாக முடித்திருக்க வேண்டும். வகுப்பே இல்லாத செவிலியர் பட்டம் என்று ஒன்று இருக்க முடியாது என்பது இதிலிருந்தே விளங்கும். தமிழ்நாடு செவிலியர் மன்றம் அதைக் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்யாவிட்டால் பணம் போகும். போலிப் பட்டத்தைப் பணிக்காகக் கொடுத்தால் குற்ற வழக்கு வரும். 17 ஆண்டுப் பெயரும் அதோடு போகும்.

பணியிலுள்ள பட்டயச் செவிலியர்களுக்கென இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூன்றாண்டுப் படிப்பை நடத்தி வந்திருக்கிறது. அதிலும் நுழைவுத் தேர்வும் செய்முறைப் பயிற்சியும் உண்டு. எந்த நிறுவனமாயினும், சேரும் முன், இந்த ஆண்டுச் சேர்க்கையில் பெறும் பட்டத்தைப் பதிவு செய்வீர்களா என்று மாநில மன்றத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். 2023-இல் தேசியச் செவிலியர், பேறுகாலச் செவிலியர் ஆணையச் சட்டம் வந்திருக்கும் நிலையில், பழைய செய்தியை நம்பாமல் இப்படிக் கேட்பது இன்னும் முக்கியமாகிறது.

ஓராண்டுச் சிறப்புப் பட்டயம் போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தீவிர சிகிச்சை, அவசர சிகிச்சை போன்ற துறைகளில் அது நல்ல படிப்பு. பட்டயச் செவிலியரும் சேரலாம். கட்டிலருகிலேயே வளர விரும்பினால் அதுவே உங்களுக்கு ஏற்றது. ஆனால் பயிற்சியாளர் பதவிக்கு அது பட்டத்துக்கு ஈடாகாது. போஸ்ட் பேசிக் பாடத்திட்டத்தைப் பாருங்கள்: முதலாண்டில் நுண்ணுயிரியல், இரண்டாம் ஆண்டில் செவிலியர் கல்வி, நிர்வாகம், ஆய்வும் புள்ளியியலும். நீங்கள் இன்று தட்டுத் தடுமாறிச் செய்துகொண்டிருப்பவற்றின் பெயர்களே அவை. பின்னர் எம்.எஸ்சி. எண்ணம் வரலாம், அதற்கு 55 விழுக்காடு மதிப்பெண் கேட்பார்கள் என்பதால் வெறும் தேர்ச்சியோடு நிறுத்திவிட வேண்டாம்.

இரவு டியூட்டி பார்த்துக்கொண்டே பகலில் கல்லூரிக்குப் போகலாம் என்று நீங்கள் போட்டிருக்கும் கணக்கை நான் ஏற்கவில்லை. தூங்காத செவிலியர் மருந்தளவில் தவறுவார். உங்களுக்காக மட்டுமல்ல, அந்தக் கட்டிலில் இருப்பவருக்காகவும் சொல்கிறேன்.

ஒப்பந்தமும் சான்றிதழும்

ஒப்பந்தம் எழுதித் தந்தாலும் சட்டப்படி செல்லாது என்று தோழி சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். 2025 மே மாதம், பொதுத்துறை வங்கி ஒன்றின் வழக்கில், மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வேளையில், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, எழுதிய தொகையை உச்ச வரம்பாகக் கொண்டு, நியாயமான இழப்பீட்டை மட்டுமே கோர முடியும். எனவே கையெழுத்துக்கு முன் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: மருத்துவமனை தரும் தொகை எவ்வளவு, இடையில் விலகினால் திருப்பித் தர வேண்டியது எவ்வளவு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் அது குறையுமா, படிப்பு முடிந்து வந்ததும் பதவியும் சம்பளமும் என்ன. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத ஒப்பந்தம் உங்களை மட்டும் கட்டும்.

அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். கல்விச் சான்றிதழ் பிணையப் பொருள் அன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் உட்பட நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. மேலும், கல்லூரிச் சேர்க்கையின்போது அசல் சான்றிதழ்களைக் காட்டியாக வேண்டும். அவற்றை அலுவலகத்தில் பூட்டிவைத்துவிட்டு எப்படிச் சேர்வீர்கள்? சூப்பிரண்டென்டிடம் இந்தக் காரணத்தையே சொல்லுங்கள், சண்டையின்றி முடியும். சான்றொப்பமிட்ட நகல் போதும்.

படிக்கப் போகும்போது பணியிலிருந்து விலகச் சொன்னால், 17 ஆண்டுக்கான பணிக்கொடை (கிராஜுவிட்டி) உங்கள் உரிமை. ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவர் தாமாக விலகினாலும் அது உண்டு. சம்பளமில்லா விடுப்பாக எழுதித் தந்தால் உங்கள் பணித்தொடர்ச்சி காக்கப்படும். அதையே முதலில் கேளுங்கள். ஒப்பந்த வரைவை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் காட்டி ஆலோசனை பெறலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு.

வீடும் காலமும்

மகள் அடுத்த ஆண்டு பிளஸ் டூ எழுதுவாள். நீங்களும் அதே ஆண்டு முழுநேர மாணவியானால், ஒரு சம்பளத்தில் இரண்டு படிப்பு என்ற நெருக்கடி வரும். என் கருத்தில், ஓராண்டு தள்ளிச் சேர்வது நல்லது. ஆனால் தள்ளுவதற்கு முன் இரண்டைச் சரிபாருங்கள். அரசு ஒதுக்கீட்டுக்கான சேர்க்கைக் குறிப்பேட்டில் வயது வரம்பு என்ன என்பதைப் படியுங்கள். அது உங்களுக்கு நெருங்குகிறதென்றால் தள்ள வேண்டாம். மருத்துவமனை ஓராண்டு காத்திருக்கச் சம்மதம் என்பதை எழுதி வாங்குங்கள்.

கணவரிடமும் மாமியாரிடமும் "படிக்கட்டுமா?" என்று அனுமதியாகக் கேட்டிருக்கிறீர்கள், அவர்களும் "உன் இஷ்டம்" என்று சொல்லி முடித்திருக்கிறார்கள். பேச வேண்டியது வேறு. இரண்டு ஆண்டுக்கு உங்கள் சம்பளம் இல்லாமல் வீட்டுச் செலவு எப்படி நடக்கும், காலைச் சமையல் யார், மாமியாருக்கு மருத்துவரிடம் போகும் நாளில் யார் உடன் போவது, தேர்வு வாரத்தில் உறவுக்காரர் வீட்டு விசேஷம் வந்தால் யார் போவது என்று ஒவ்வொன்றாகப் பேசி எழுதிவையுங்கள். மகளையும் உட்கார வையுங்கள். மாலையில் இருவரும் ஒரே மேசையில் படிக்க முடியும் என்றால், அந்த ஒரு மணி நேரத்தை வீட்டில் மற்றவர்கள் தொந்தரவு செய்யக் கூடாது என்பதையும் அன்றே பேசி முடித்துவிடுங்கள்.